மாமனாருக்கு ஏன் இந்தச் சோர்வு?

சகோதரிகளே, இந்த வாரம் கொஞ்சம் கூச்சமான விஷயம். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து வீடுகளிலே ஒரு பெரியவர் திண்ணையில் சுருண்டு உட்கார்ந்திருப்பார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். சில மாதம் முன்பு அவருக்கு நடந்த ஆபரேஷன் யாருக்கும் ஞாபகம் வராது. ஞாபகம் வந்தாலும் வாயில் வராது.

புராஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய் முற்றிய நிலையில் சிலருக்கு இரண்டு விரைகளையும் எடுத்துவிடுகிறார்கள். அந்த நோய்க்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன். அது சுரக்கும் இடத்தை அகற்றினால் நோய் அடங்கும் என்று 1941-ல் சிக்காகோவில் காட்டியவர் டாக்டர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அதே வேலையைச் செய்ய ஊசிகள் உண்டு. ஆனாலும் ஊசிக்காகத் திரும்பத் திரும்பப் பஸ் ஏறுவதைவிட ஒரே தடவையில், குறைந்த செலவில் தீருகிற ஆபரேஷனே மேல் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நினைப்பதில் தவறில்லை.

ஹார்மோன் ஒன்றிரண்டு நாளிலேயே சரிந்துவிடும். ரத்தம் அப்படியல்ல, சாவதானமாகக் குறையும். மீசைக்கும் குரலுக்கும் மட்டும்தான் இந்த ஹார்மோன் என்று நினைக்கிறோம். எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருகச் செய்வதிலும் அதற்குப் பங்கு உண்டு. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஏறக்குறைய ஒரு குறுவைப் பயிரின் ஆயுள். மேட்டூர் திறக்கிற ஜூன் மாதத்தில் ஆபரேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அணுக்கள் உதிர்ந்து, புதியவை குறைவாக வந்து, குறுவை அறுப்பு நடக்கும்போதுதான் முகம் வெளுத்திருப்பது நம் கண்ணில் படும்.

ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் வரை இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. 13.5 இருந்தவர் 12-க்கு வரலாம். மாடிப்படி ஏறினால் கொஞ்சம் மூச்சு வாங்கலாம். ஆனால் 10-க்குக் கீழே போனாலோ, ஆறு மாதத்துக்கு அப்புறமும் இறங்கிக்கொண்டே இருந்தாலோ, பழியை ஹார்மோன் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. எங்கேயாவது ரத்தம் கசியலாம், சிறுநீரகம் கெட்டிருக்கலாம், நோயே எலும்புக்குள் பரவியிருக்கலாம். டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஒரு பாட்டில் இரும்பு டானிக்! கீரை தாராளமாகப் போடுங்கள். டானிக் மட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, இரும்பு குறைவென்று தெரிந்த பிறகு போதும். குறைவே இல்லாதவருக்கு அது மலச்சிக்கலைத்தான் கொடுக்கும். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், கூடவே டிகிரி காபியை நீட்டாதீர்கள்; காபி இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். (கும்பகோணத்துக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்ப்பது உங்கள் சாமர்த்தியம்.) 'தாது புஷ்டி' லேகியம் மட்டும் வேண்டவே வேண்டாம். புராஸ்டேட் நோயாளிக்கு ஆண் ஹார்மோனைக் கூட்டுகிற எதுவும், அணைத்த அடுப்பை மறுபடி ஊதுகிற மாதிரி.

இன்னொன்று. ராத்திரி திடீரென்று உடம்பு தகித்து, வேர்த்து, விசிறியைத் தேடுகிறாரா? நமக்கு மாதவிலக்கு நிற்கிற காலத்தில் வருமே, அதே சூடுதான். எலும்பு தேய்வதும் அப்படியே. மாமியாருக்கு இது புரியும். அவர் கடந்து வந்த பாதை. கேழ்வரகு, எள், மோர், தினமும் நடை, காலை வெயில், டாக்டர் சொன்னால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை. கிணற்றடியில் பாசி இருந்தால் இன்றைக்கே தேய்த்துவிடுங்கள். சர்க்கரையும் எடையும் ஏறக்கூடியவை. சோற்றில் ஒரு கரண்டி குறைக்கலாம்.

இது பெரியவர்களோடு நிற்கிற விஷயமில்லை. விபத்திலோ கட்டியாலோ இரண்டு விரைகளையும் இழந்த இளைஞனுக்கு டெஸ்டோஸ்டிரோனை மருந்தாகவே கொடுப்பார்கள். (ஒன்று மட்டும் போனால் மற்றது பெரும்பாலும் ஈடு கொடுத்துவிடும்.) அங்கே ஆபத்து நேர்மாறு: ரத்தம் கெட்டிப்படும். ஹீமட்டோகிரிட் என்ற கணக்கு 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்தவோ குறைக்கவோ செய்வார்கள்.

ஆபரேஷன் செய்துகொண்ட திருநங்கைகளும் நம் வீட்டுப் பிள்ளைகள்தானே? ஹார்மோனே இல்லாமல் விட்டுவிட்டால் எலும்பு பலம் போய்விடும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி, அளவு தெரியாமல் விழுங்கினால் ரத்தம் உறையலாம். புகை பிடித்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்பவரின் ரத்தச் சீட்டில் ஆணுக்குரிய 13-ஐ வைத்துச் சோகை என்று பயப்பட வேண்டாம். பெண்ணுக்குரிய 12-ஐத்தான் பார்க்க வேண்டும். பரிசோதிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்த தடவை மாமனாரை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, ஆபரேஷனுக்கு முந்திய ரத்தச் சீட்டை அலமாரியில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கியது எவ்வளவு என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். டாக்டர் கேட்டால் அவர் "ஒண்ணுமில்லே, சௌக்கியம்" என்பார். படி ஏறும்போது மூச்சு வாங்குவதையும், ராத்திரி விசிறியையும் நீங்கள் சொல்லுங்கள்.