பெனரில் படம் வராத பிள்ளைகளையும் கொஞ்சம் பார்ப்போம்



உயர்தரப் பெறுபேறு வந்தால் நமதூர்ச் சந்திகளில் பெனர் கட்டுகிறோம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகின்ற பிள்ளைகளின் படங்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷம்தான். ஆனால் விண்ணப்பிக்கத் தகுதி பெற்றும் பெனரில் படம் வராத பிள்ளைகள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் பலருடைய எதிர்காலம் பெறுபேறு வந்த அன்று முடிவாவதில்லை. அதற்குப் பிந்திய சில வாரங்களில், விண்ணப்பப் படிவத்தில்தான் முடிவாகிறது.

நாடளாவிய ரீதியில் தகுதி பெறுவோரில் சுமார் நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடமுண்டு. மாவட்ட அடிப்படையில் தெரிவு நடக்கும் கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மூன்றும் அந்தப் பதினாறுக்குள் அடங்கும். ஆகவே கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து "நமக்குக் கிடைக்காது" என்று எந்தப் பிள்ளையும் ஒதுங்கத் தேவையில்லை. அதேபோல, சென்ற வருட வெட்டுப்புள்ளி இந்த வருடத்துக்கு உத்தரவாதமுமல்ல.

"கிடைக்கக்கூடியதை முதலில் போடு" என்று சொல்வோர் இருக்கிறார்கள். இது பிழையான ஆலோசனை. பிள்ளை எழுதிய வரிசைப்படியே தெரிவு நடக்கிறது. முதலாவது கிடைத்தால் கீழே உள்ளவற்றைப் பார்க்க மாட்டார்கள். எனவே உண்மையில் விரும்புவதை மேலே எழுத வேண்டும். பிறகு நான்கைந்தோடு நிறுத்தாமல், சேர விருப்பமான எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசிக்காமல், கொமினிகேஷன் கடையில் இருப்பவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு விடயம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருப்பது நமக்குப் பெரிய பாக்கியம். ஆனால் சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளை கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் என்று எழுதத்தான் வேண்டும். அங்கே படிக்கின்ற நமதூர்ப் பிள்ளைகளிடம் விடுதி, போக்குவரத்து பற்றி விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். விசாரிக்காமலே "தூரம்" என்று சொல்லி வெட்டிவிட வேண்டாம்.

அடுத்தது காசு. மகாபொல புலமைப்பரிசில் இசட் புள்ளியையும் குடும்ப வருமானத்தையும் பார்த்தே வழங்கப்படுகிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மகாபொல கிடைக்காதவர்களுக்கான நிதியுதவி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டது. வருமான விபரங்களை வெட்கப்படாமல், உள்ளதை உள்ளபடி கொடுங்கள். ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் செல்லலாம். உடுப்பு, பஸ் காசு, தங்குமிட முற்பணம் எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். இந்த இடைவெளியில்தான் ஏழைப் பிள்ளை தடுமாறுகிறது.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். பெனருக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவாகும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, தகுதியானவர்களுக்கு ஸகாத் நிதியையும் சேர்த்து, முதல் ஆறு மாதச் செலவைப் பொறுப்பேற்போம். விண்ணப்ப காலத்தில் இரண்டு நாட்கள் பாடசாலை மண்டபத்தைத் திறந்து வைப்போம். ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு படிவத்தையும் பிள்ளையோடு சேர்ந்து பார்ப்போம்.

இடம் கிடைக்காதவர்களுக்கும் வாசல்கள் உண்டு. அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரி, சம்மாந்துறை உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம், திறந்த பல்கலைக்கழகம் எல்லாம் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் திட்டம் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. வட்டிக்குப் பயந்து படிப்பை விட்ட குடும்பங்கள் இதை விசாரித்துப் பார்க்கலாம்.

மூன்று 'எஸ்' எடுத்த பிள்ளையும் இந்த ஊரின் பிள்ளைதான். அந்தப் பிள்ளையிடம் "என்ன ரிசல்ட்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "படிவம் நிரப்பியாச்சா மகன், மகள்?" என்றும் கேட்போம்.