எண்ணெய்க்குக் கிடைக்கும் பேர்

முடி கொட்டினால் போதும், ஊரில் அத்தனை பேரும் வைத்தியர்கள்தான். "என்னடி, ஜடை எலிவாலாப் போச்சு?" என்று ஆரம்பித்து, அதே மூச்சில் கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம், சின்ன வெங்காயச் சாறு. ஒருத்தி போர் தண்ணியைத் திட்டுகிறாள், இன்னொருத்தி ஷாம்பூவை. "மூணு மாசம் முன்னாடி காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்கத்தான் ஆளில்லை.

வந்ததே, டெங்கு! கடுங்காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி டயட் எதுவானாலும் சரி, வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பகுதி மொத்தமாக ஓய்வுக்குப் போய்விடும். உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சலே மறந்திருக்கும். பழி தண்ணீர் மேல் விழும். உடம்பில் வேறு குறை இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் உதிர்வது நின்று தானாகவே முளைக்கும். அந்த நேரத்தில் தலையில் எந்த எண்ணெய் இருக்கிறதோ, அதற்குப் பேர்!

குறை இருக்கிறதா என்று பார்க்க தைராய்டு, இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்று ரத்தம் கொடுக்க வேண்டும். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனால் சினைப்பை நீர்க்கட்டி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் அதற்குக் காசு எடுக்கும்போது மட்டும் வீட்டில் அத்தனை யோசனை.

என் தம்பி கதை நேர்மாறு. இருபத்தைந்து வயதில் நெற்றி ஏறுகிறது. அவனுடையது தானாகத் திரும்பி வராத முடி. டிஎச்டி என்ற ஹார்மோன், பரம்பரை வாகுள்ளவர்களின் முடி வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்க வைக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது. மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்திலெல்லாம் முடி வளர்ந்ததால் தலையில் தடவும் மருந்தாகி, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆண்களின் வழுக்கைக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை 1997-ல் வந்தது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் இவை நன்றாக உதவும், அதனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். விட்டால் பலனும் போகும். மினாக்சிடில் தொடங்கிய சில வாரம் கூடுதலாகக்கூடக் கொட்டும். இதை யாரும் சொல்லாததால் தம்பி பயந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்றால் மாமா சிரிக்கிறார். "ஆம்பளைக்கு எதுக்கும்மா முடி? வழுக்கை விழுந்தா பணம் சேரும்." அதோடு விட்டாரா? "உனக்குத்தான் அவசரம். தெரிஞ்சவர் ஒருத்தர் மூலிகை எண்ணெய் காய்ச்சுறார். பாட்டில் ஆயிரத்து ஐநூறுதான், ரெண்டா சொல்லி வைக்கட்டுமா?"