பயமுறுத்தும் சொற்களைப் பிரித்துக் காட்டுங்கள்

பரீட்சைக் காலம் நெருங்கினால், பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளின் வயிற்றில் புளியைக் கரைப்பவை விஞ்ஞானப் பாடத்தில் வரும் நீண்ட ஆங்கிலச் சொற்களே. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளரும் பிள்ளை, பொருள் புரியாமலே அச்சொற்களை எழுத்தெழுத்தாக உருப்போடுகிறது. பரீட்சை முடிந்த மறுநாள் அவை மறந்து போகின்றன. "இங்கிலீஷ் நமக்கு வராது" என்ற எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது. மேற்படிப்பையே கைவிடும் அளவுக்கு இந்த எண்ணம் வளர்ந்துவிடுவதும் உண்டு. இது சிறிய விஷயம் அல்ல.

குறை பிள்ளையிடம் இல்லை. சொல்லிக் கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஆங்கிலத்தின் நீளமான சொற்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே பிறந்தவை அல்ல. கிரேக்கத்திலும் லத்தீனிலும் சாதாரண மக்கள் அன்றாடம் புழங்கிய சின்னஞ்சிறு சொற்களை ஒட்டுப் போட்டு உண்டாக்கியவை. ஒட்டைப் பிரித்துக் காட்டிவிட்டால் பயம் போய்விடும்.

ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவரைப் போர்ட்டர் என்கிறோம். லத்தீனில் 'போர்த்தாரே' என்றால் சுமப்பது. உள்ளே சுமந்து வருவது இம்போர்ட். வெளியே சுமந்து செல்வது எக்ஸ்போர்ட். ஓரிடத்தைக் கடந்து மறு இடத்துக்குச் சுமப்பது டிரான்ஸ்போர்ட். ஒரு சொல்லைப் புரிந்துகொண்டவனுக்கு நான்கு சொற்கள் கைவசம் ஆகின்றன. பொங்கலுக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ்ஸில் இடம் தேடுகிறோமே, அந்த 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்பதே பொருள். அதன் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டதுதான் பஸ். நமது இலக்கணப்படி சொன்னால் அது வெறும் நான்காம் வேற்றுமை உருபு!

விஞ்ஞானச் சொற்களின் கதையும் இதுவே. கிரேக்கத்தில் டெலி என்றால் தொலைவு. மைக்ரோ என்றால் சிறிது. தெர்மோ என்றால் வெப்பம். போன் என்றால் ஒலி. ஸ்கோப் என்றால் பார்ப்பது. மீட்டர் என்றால் அளவு. இந்த ஆறும் தெரிந்தால் டெலிபோன், டெலிஸ்கோப், மைக்ரோபோன், மைக்ரோஸ்கோப், மைக்ரோமீட்டர், தெர்மாமீட்டர் எல்லாம் தாமே விளங்கும். தொலைநோக்கி, நுண்ணோக்கி, வெப்பமானி என்று தமிழில் நாம் அமைத்துள்ள சொற்களும் இதே கட்டுமானம்தான்.

எழுத்துப் பிழைக்கும் இதில் மருந்து உண்டு. போட்டோ, டெலிபோன், பிலாசபி ஆகியவற்றில் 'எஃப்' போடாமல் 'பி', 'எச்' என்று இரண்டு எழுத்துகள் ஏன்? பழைய கிரேக்கர்கள் மூச்சைச் சேர்த்து ஒலித்த 'ப'கரத்தை ரோமானியர் அப்படி எழுதினார்கள். கன்னடத்தில் அத்தகைய எழுத்து இருப்பதால் இங்குள்ள பிள்ளைகளுக்கு இதை விளக்குவது மிகவும் சுலபம்.

இச்சொற்கள் ஆங்கிலேயருக்கே ஒரு காலத்தில் மதிற்சுவராக நின்றன என்பதையும் மறந்துவிடக் கூடாது. மின்சார ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே, கொல்லரின் மகன். புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகியவர். கிரேக்கம் படித்தவர் அல்ல. தாம் கண்டறிந்தவற்றுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தபோது, 1834ல் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஆனோடு, கேத்தோடு, அயான் என்ற பெயர்கள் அப்படித்தான் வந்தன. மேலே போகும் வழி, கீழே போகும் வழி, போவது என்பவையே அவற்றின் பொருள். இவ்வளவு எளிய பொருளை மறைத்து வைத்துவிட்டு நம் பிள்ளைகளைத் திணற வைக்கிறோம்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களில் சேர லத்தீன் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1960ல்தான் கைவிடப்பட்டது. அதுவரை, லத்தீன் கற்பிக்கும் பள்ளிக்குப் போக வசதியில்லாத ஆங்கிலேயத் தொழிலாளியின் பிள்ளையும் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது.

வேர்ச்சொல்லை மட்டும் நம்பினால் பொருள் தவறிவிடும் என்று சிலர் வாதிக்கலாம். உண்மைதான். ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தை உண்டாக்குவது'. எல்லா அமிலத்திலும் அது உண்டு என்று நினைத்துப் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியர் வைத்த பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் இல்லை என்று 1810ல் ஹம்ப்ரி டேவி நிரூபித்தார். கருத்து பொய்த்தது, பெயர் நிலைத்தது. ஆகவே வேர்ச்சொல் கதவைத் திறக்கும் சாவி மட்டுமே. உள்ளே சென்று பார்க்க வேண்டியது பாடத்தைத்தான். அதற்காகச் சாவியே வேண்டாம் என்று எவரும் தூக்கி எறிவதில்லை.

இதற்குப் புதிய பாடத்திட்டமோ கூடுதல் செலவோ தேவையில்லை. புதிய சொல் வரும்போதெல்லாம் ஆசிரியர் அதைக் கரும்பலகையில் இரண்டாகப் பிரித்து எழுதி, பொருளைப் பிள்ளைகளின் தாய்மொழியில் சொன்னால் போதும். டியூஷன் நடத்துவோரும், பேட்டைகள் தோறும் மாலை வகுப்பு நடத்தும் தமிழ் அன்பர்களும் இதை இன்றே தொடங்கலாம். அதிகம் படிக்காத பெற்றோர்கூட, "இதைப் பிரித்தால் என்ன வரும், ஆசிரியரிடம் கேட்டு வா" என்று பிள்ளையைத் தூண்ட முடியும்.

உருப்போட்ட சொல் பரீட்சையோடு போய்விடும். புரிந்துகொண்ட சொல் பிள்ளையோடு வளரும். ஆசிரியப் பெருமக்கள் மனம் வைப்பார்களா?