ஒரு வார ட்ரிப்புல நீங்க வாங்குறது எத்தனை காலை?

டிராவல் பட்ஜெட் பத்தி வீடியோ போட்டதும் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டீங்க: "ப்ரோ, 60,000 சம்பளத்துல ஒரு வாரம் இலங்கை போயிட்டு வர முடியுமா? காடு, மலை, ராஃப்டிங் எல்லாம் பண்ணணும்."

முடியும். ஆனா நீங்க அனுப்பின பிளான்களைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கு. ஏழு ராத்திரி, ஏழு ஊர். நானும் முதல் தடவை இப்படித்தான் போனேன். அதனால ஒரு கருத்தைக் கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன்: இயற்கையைப் பார்க்கப் போற ட்ரிப்புக்கு "மொத்தம் எவ்வளவு ஆச்சு?"ங்குற கணக்கு பத்தாது. "ஒரு காலைக்கு எவ்வளவு ஆச்சு?"ன்னு கேட்கணும்.

காலைன்னா என்ன கணக்கு?

இலங்கை பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்குற நாடு. வருஷம் பூரா ஏறக்குறைய 12 மணி நேரம்தான் வெளிச்சம். சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு இருட்டிடும். மலைப்பக்கம் மதியத்துக்கு மேல மேகமோ மழையோ வர்ற வாய்ப்பு அதிகம். பறவைகள் சத்தம் போடுறது விடியற்காலையில. யானைகளை நல்லா பார்க்குறதும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடிதான். ஹோர்ட்டன் சமவெளியில "உலக முடிவு"ன்னு ஒரு செங்குத்துப் பாறை இருக்கு. கீழே சுமார் 880 மீட்டர் பள்ளம். காலை ஒன்பது, பத்து மணி ஆச்சுன்னா மேகம் வந்து மூடிடும்.

அதாவது, நீங்க காசு கொடுத்துப் பார்க்க வந்த விஷயம் பெரும்பாலும் ஐந்தரையிலிருந்து பத்து மணிக்குள்ள நடந்து முடிஞ்சிடும். ஏழு ராத்திரி ட்ரிப்புல அப்படிப்பட்ட முழுக் காலை ஆறுதான் கிடைக்கும். மீதியெல்லாம் சாப்பாடு, தூக்கம், பயணம்.

என் முதல் ட்ரிப் கணக்கு

நாங்க நாலு பேர். நீர்கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா, எல்ல, மிரிஸ்ஸ, காலின்னு ஏழு ராத்திரிக்கு ஏழு ஊர். தினமும் காலையில ஹோட்டல் டிஃபன், எட்டரைக்கு பெட்டியைக் கட்டுறது, ஒன்பதுக்கு வேன் ஏறுறது. நாலு மணி நேரம் கழிச்சு அடுத்த ஊர்.

உலக முடிவுக்கு நாங்க போய்ச் சேர்ந்தது பதினொரு மணிக்கு. முன்னாடி வெள்ளைச் சுவர் மாதிரி மேகம், வேற ஒண்ணும் தெரியல. எங்க வேன் ஓட்டின அண்ணன் ஹட்டன் பக்கத்துக்காரர். "தம்பி, நேத்து ராவே சொன்னேனே, நாலரைக்குக் கிளம்புவோம்னு"ன்னார். சொன்னது உண்மைதான். நாங்கதான் தூங்கிட்டோம். முந்தின நாள் ஆறு மணி நேரம் வேன்ல உக்காந்து வந்தவன் நாலரைக்கு எப்படி எழுந்திருப்பான்?

ஆளுக்கு 72,000 ரூபாய் செலவாச்சு. திரும்பி வந்து யோசிச்சா, உருப்படியா கிடைச்ச காலை ரெண்டே ரெண்டு. ஒரு காலை 36,000 ரூபாய்.

இதாவது பரவால்ல. அவசரத்தோட நிஜமான பில் வேற இடத்துல வந்துச்சு.

கார்த்தி கணக்கு

கார்த்தின்னு வச்சுக்குவோம், பேரை மாத்தியிருக்கேன். ஒரு நாள் பயணத்துக்கு நடுவுல, "வழியிலதானே இருக்கு"ன்னு சாயங்காலம் நாலு மணிக்கு கேன்யனிங் போனோம். ஓடைப் பாறையில ஏறி, குதிச்சு, சறுக்கிட்டு வர்ற விளையாட்டு. எல்லாருக்கும் அசதி. இருட்டுறதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம். கார்த்தி தப்பா குதிச்சான். தோள்பட்டை இறங்கிடுச்சு.

டிராவல் இன்சூரன்ஸ் இருந்துச்சு. ஆனா சாகச விளையாட்டுக்கான ஆட்-ஆன் எடுக்கல. புக் பண்ணும்போது அந்தக் கட்டத்தை டிக் பண்ணாம விட்டது நான்தான், சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க. க்ளெய்ம் நிராகரிச்சுட்டாங்க. பாலிசியில அப்படித்தான் எழுதியிருந்துச்சு, அவங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரி, முன்கூட்டியே திரும்பின டிக்கெட், ஊர்ல வந்து பார்த்த வைத்தியம் எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய் அவனோட கிரெடிட் கார்டுல ஏறுச்சு. மாசம் 3.5% வட்டின்னா முதல் மாசமே 3,850 ரூபாய். அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 693. அவன் மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்தான். அந்த வருஷம் தங்கச்சி காலேஜ் ஃபீஸ் கட்ட அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு. நாங்க மூணு பேரும் எங்களால ஆனதைக் கொடுத்தோம், ஆனாலும் அந்த வளையல் கடையிலிருந்து திரும்பி வர ஒண்ணரை வருஷம் ஆச்சு.

அதனாலதான் சொல்றேன், ஊர் எண்ணிக்கையைக் குறைங்க. இன்சூரன்ஸைக் குறைக்காதீங்க. நாம பெரும்பாலும் இதைத் தலைகீழாப் பண்றோம்.

இரண்டாவது தடவை போட்ட பிளான்

ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் போனோம். கார்த்தியும் வந்தான். இந்தத் தடவை ஒரே ஒரு விதி: ஊர் மாறுறது மதியத்துல மட்டும். காலை எல்லாம் காட்டுக்கு.

சனி: காலை ஃப்ளைட். சென்னையிலிருந்து ஒண்ணரை மணி நேரம்தான். கட்டுநாயக்கவிலிருந்து நேரா கித்துல்கல. களனி ஆற்றங்கரை ஊர். "தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்" படம் எடுத்தது இங்கதான்.

ஞாயிறு: காலையில வழிகாட்டியோட மழைக்காட்டு நடை. மதியம் ராஃப்டிங்.

திங்கள்: காலையில மறுபடி காடு, பறவைகள். மதியச் சாப்பாடு முடிச்சு ஹப்புத்தளைக்குக் கிளம்பிட்டோம்.

செவ்வாய்: நாலரைக்கு எழுந்து ஹோர்ட்டன் சமவெளி. ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல வர்ற சுற்றுப்பாதை. இந்தத் தடவை உலக முடிவு தெரிஞ்சது.

புதன்: காலையில தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவுல லிப்டன் சீட் வரைக்கும் நடை. மதியம் பக்கத்துல எல்ல போய், 1921-ல கட்டி முடிச்ச ஒன்பது வளைவுப் பாலம்.

வியாழன்: காலை காலியா விட்டிருந்தோம். மழை வந்தா மாத்திக்க ஒரு நாள் வேணும். மழை வரல, குட்டி ஆடம்ஸ் பீக் ஏறினோம். மதியம் உடவளவ.

வெள்ளி: காலையில சஃபாரி. வருஷம் முழுக்க யானை பார்க்கக் கிடைக்குற இடம் உடவளவ. மதியம் கிளம்பி நீர்கொழும்பு, அங்கிருந்து ஏர்போர்ட் பக்கம்.

சனி வீடு. ஞாயிறு துணி துவைச்சு, தூங்கி, திங்கள் ஆபீஸ். லீவ் அஞ்சு நாள்தான்.

ஆறு காலை கிடைச்சது. செலவு 65,000. ஒரு காலை 11,000-க்கும் கீழ.

இன்னொரு விஷயம். ஹப்புத்தளை, ஹட்டன் பக்கமெல்லாம் தமிழ்லயே பேசலாம். பிரிட்டிஷ் காலத்துல நம்ம ஊர்களிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவங்களோட வாரிசுகள் அங்க இருக்காங்க. ஒரே ஊர்ல மூணு ராத்திரி தங்கினா ஓட்டோ அண்ணனைப் பழக்கமாகிடும், எந்தக் கடையில இடியாப்பமும் சம்பலும் நல்லா இருக்கும்னு தெரிஞ்சிடும். தினமும் ஊர் மாறுறவனுக்கு இது கிடைக்காது. தினமும் புது ஆள், புது பேரம், டூரிஸ்ட் விலைதான்.

65,000 எங்க போச்சு?

நாலு பேர் பகிர்ந்துக்கிட்டதுல ஆளுக்கு:

ஃப்ளைட் 15,000
விசா, இன்சூரன்ஸ் 4,000
ஏழு ராத்திரி தங்குறது 10,500
வேன், ஓட்டோ 9,000
பூங்கா டிக்கெட், ஜீப், ராஃப்டிங், வழிகாட்டி 12,000
சாப்பாடு 6,500
சிம், டிப்ஸ் 1,500
எதிர்பாராத செலவுக்கு 6,500

உங்க தேதிக்கு, உங்க ஊருக்கு இது மாறும். ஆனா பூங்கா, வழிகாட்டி வரியைக் கவனிங்க. தங்குறதைவிட அதிகம். வெளிநாட்டவருக்கு அங்க நுழைவுக் கட்டணம் கூடத்தான். இதைக் கணக்குல எடுக்காம போறவங்கதான் கடைசி ரெண்டு நாள் கார்டைத் தேய்க்குறாங்க. சில இடங்கள்ல சார்க் நாட்டவருக்குக் குறைஞ்ச கட்டணம் உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக் கேளுங்க.

65,000-ஐ பத்து மாசமாப் பிரிச்சா மாசம் 6,500. சம்பளம் வந்த மறுநாள் தனியா ஒரு ஆர்டி-க்குப் போகட்டும். பத்து மாசத்துல தேவைப்படுற பணத்தை ஸ்மால் கேப் ஃபண்டுல போடாதீங்க. எமர்ஜென்சி ஃபண்டையும் தொடாதீங்க. மாசம் 6,500 எடுத்து வைக்க முடியலன்னா, அதே தொகைக்கு ட்ரிப் இஎம்ஐ மட்டும் எப்படிக் கட்ட முடியும்?

சின்னச் சின்ன ஓட்டைகள்

டூர் பேக்கேஜா வாங்கினா டிசிஎஸ் பிடிப்பாங்க. ஐடிஆர் போடும்போது வரியில கழிச்சுக்கலாம், ஆனா அதுவரைக்கும் உங்க காசு முடங்கிக் கிடக்கும். ஃப்ளைட், ஹோட்டல் தனித்தனியா நீங்களே புக் பண்ணினா இந்தத் தொல்லை இல்ல.

நிறைய கார்டுகள்ல வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை மார்க்கப் இருக்கு, அதுக்கும் ஜிஎஸ்டி. 25,000 தேய்ச்சா ஆயிரம் ரூபாய் அப்படியே போயிடும். மார்க்கப் இல்லாத கார்டு இருந்தா எடுத்துட்டுப் போங்க. மெஷின்ல "இந்திய ரூபாயில கட்டுறீங்களா?"ன்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, இலங்கை ரூபாயிலயே கட்டுங்க.

விசா விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுது. இலங்கை அரசாங்கத்தோட தளத்துல மட்டும் பாருங்க. அதே மாதிரி பேரு வச்ச தரகர் தளங்கள் கூடுதலா வாங்கிடும்.

ஆபீஸ்ல எல்டிஏ க்ளெய்ம் பண்ணலாம்னு நினைக்காதீங்க. அந்த வரிச்சலுகை இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான்.

மலைக்கும் தென்மேற்குக்கும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல நேரம். மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் மலையகத்தை எப்படி அடிச்சதுன்னு பார்த்தோம், ரயில் பாதையும் தப்பல. அதனால கண்டி–எல்ல ரயிலை நம்பிப் பிளான் போடுறதுக்கு முன்னாடி, அது எங்கிருந்து எதுவரை ஓடுதுன்னு பாருங்க. கேன்சல் பண்ண முடியுற ரூமுக்கு இருநூறு, முந்நூறு கூடக் கொடுத்தாலும் தப்பில்ல.

"இவ்வளவு தூரம் போயிட்டு சிகிரியா பார்க்கலையா?"

இதைக் கண்டிப்பா கேட்பாங்க. எங்க வீட்லயும் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். வாழ்க்கையில ஒரே தடவை போற தூர நாடா இருந்தா, நானும் ரெண்டு ஊர் கூடச் சேர்த்திருப்பேன். அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போறதா இருந்தா பேக்கேஜே வாங்கியிருப்பேன்.

ஆனா இலங்கை ஒண்ணரை மணி நேரத்துல இருக்கு. சிகிரியா எங்கேயும் போயிடாது. அடுத்த தடவைக்குன்னு ஒண்ணு பாக்கி இருக்குறது நல்லதுதான், புது ஆர்டி ஆரம்பிக்க ஒரு காரணம் கிடைக்கும்.

புக் பண்றதுக்கு முன்னாடி

ஒரு பேப்பர் எடுங்க. ட்ரிப்போட ஒவ்வொரு நாளையும் எழுதி, காலை ஆறு மணிக்கு எங்க இருப்பீங்கன்னு பக்கத்துல எழுதுங்க. "பெட்டி கட்டிட்டு இருப்பேன்", "வேன்ல இருப்பேன்"னு வர்ற வரிகளை அடிங்க. மிச்சம் எத்தனை வரி? மொத்தச் செலவை அதால வகுங்க. வர்ற தொகை உங்க அரை மாசச் சம்பளம் மாதிரி இருந்தா, ஒரு ஊரை வெட்டுங்க. அப்புறம் மறுபடி வகுத்துப் பாருங்க.

அதுக்கப்புறம் இன்சூரன்ஸ் பக்கத்தைத் திறந்து, சாகச விளையாட்டுன்னு இருக்குற கட்டத்தை டிக் பண்ணுங்க. நீங்க பண்ணப்போற விளையாட்டு அந்தப் பட்டியல்ல பேர் சொல்லி இருக்கான்னும் படிங்க.

ரெண்டாவது ட்ரிப்புல உலக முடிவு ஓரத்துல நின்னப்போ மணி ஏழே கால். கீழ பள்ளத்தாக்கு முழுசாத் தெரிஞ்சது. கார்த்தி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னான், "மச்சி, அன்னைக்கே நாலரைக்கு எழுந்திருக்கலாம்டா."