கிருபைக்குத் தவணை கேட்கிறவர்கள்

"ஜெபம் பண்ணுங்க, சரியாயிடும்" என்றுதான் ஆரம்பிக்கும். சரியாகவில்லை என்றால், "இன்னும் கொஞ்சம் விசுவாசிக்கணும் சிஸ்டர்." அதற்கும் சரியாகவில்லை என்றால், "ஏதோ மறைவான பாவம் இருக்கு, யோசிச்சுப் பாருங்க." மூன்றே படியில் நோயாளி குற்றவாளியாகிவிடுகிறார். நம்ம ஊர்த் தமிழ்ச் சபைகளில் வளர்ந்த பலருக்கு இந்தப் படிக்கட்டு தெரியும். என் சண்டை ஜெபத்தோடு அல்ல, இந்தப் படிக்கட்டோடு.

கிருபை என்றால் என்ன? தகுதி பார்க்காமல் இலவசமாகக் கிடைப்பது என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். வேலை செய்து வாங்கினால் அதற்குப் பெயர் கூலி. இந்த வித்தியாசத்தை ரோமர் நிருபத்தில் பவுலே பிரித்துக் காட்டுகிறார். ஆனால் மனம் உடைந்து வருகிறவரிடம் மட்டும் நாம் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறோம். இத்தனை நாள் உபவாசம், இத்தனை மணி நேர ஜெபம், இவ்வளவு விசுவாசம். முழுதும் கட்டினால் சமாதானம், பாக்கி இருந்தால் இல்லை. இது கிருபை இல்லை, மாதத் தவணை.

இந்தத் தவணை முறை பகிரங்கமாக நடப்பது சாட்சி நேரத்தில். அங்கே மைக் யாருக்குக் கிடைக்கிறது என்று கவனியுங்கள். அழுது முடித்தவர்களுக்குத்தான். "போன வருஷம் இப்படி இருந்தேன், இப்போ விடுதலை" என்று சொல்ல முடிந்தவர்களுக்கு. இன்னும் அழுதுகொண்டிருப்பவர் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும்.

என் நண்பன் ஒருவன், மனச்சோர்வுக்குச் சாப்பிட்டுவந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டதையே சாட்சியாகச் சொன்னான். சபை 'அல்லேலூயா' என்றது. மூன்று மாதம் கழித்து அவன் எழுந்து குளிக்கக்கூட முடியாமல் கிடந்தபோது மைக் யாரும் நீட்டவில்லை. "பின்வாங்கிட்டான்" என்றார்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்ன வாயும் அதுவே.

வேதத்தில் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. இருந்தாலும் யாரும் அதை வெட்டி எறியவில்லை, ஒரு நல்ல முடிவை ஒட்டவைக்கவும் இல்லை. அதை எழுதியவர் இன்று நம் சபைக்கு வந்தால் நாம் மைக் கொடுக்க மாட்டோம். கைவைத்து ஜெபிக்கத்தான் கூப்பிடுவோம்.

'அமேசிங் கிரேஸ்' பாட்டு எல்லாருக்கும் தெரியும். ஜான் நியூட்டன், இங்கிலாந்தின் ஓல்னி என்ற சிற்றூரில் போதகராக இருந்தபோது, 1773 புத்தாண்டு நாள் ஆராதனைக்காக எழுதியது. அதே ஜனவரியில் அவருடைய நெருங்கிய நண்பர், கவிஞர் வில்லியம் கூப்பர், மனம் முற்றாகச் சிதைந்துபோனார். பத்து வருடத்துக்கு முன்பும் அவர் அப்படி விழுந்து செயின்ட் ஆல்பன்ஸில் மனநோயாளிகளுக்கான மருத்துவர் ஒருவரிடம் இருந்தவர். அவருக்கு விசுவாசம் பிறந்ததே அந்த மருத்துவ இல்லத்தில்தான்.

கிருபையைப் பாடிய போதகர் அப்போது என்ன செய்தார்? கூப்பரைத் தன் வீட்டில் ஒரு வருடத்துக்கும் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். தேவன் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் கூப்பரை 1800-இல் சாகும்வரை பெரும்பாலும் விடவில்லை. 1773-க்குப் பிறகு அவர் ஆலயத்துக்கும் போகவில்லை. நம் கணக்குப்படி தோற்றுப்போன விசுவாசி. ஆனால் 1779-இல் வந்த ஓல்னி பாடல் தொகுப்பில் நியூட்டனின் பாடல்களோடு கூப்பரின் பாடல்களும் இருக்கின்றன. சாட்சி முடியாத மனிதரை அந்தப் போதகர் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. கிருபையைப் பாட்டில் எழுதுவது லேசு. நண்பன் குணமாகாமலேயே இருக்கும்போது அவனோடு இருப்பதுதான் கஷ்டம்.

"அப்படின்னா எல்லாத்துக்கும் டாக்டர்தானா, தேவன் எதுக்கு?" என்று கேட்பார்கள். எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து, என்னை எடுத்துக்கொள்ளும் என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசி. அவரிடம் முதலில் எந்தக் கேள்வியும் கேட்கப்படவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். நல்ல சமாரியனும் அடிபட்டவனுக்கு அறிவுரை சொல்லவில்லை. காயத்தைக் கட்டி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், செலவுக்குப் பணமும் கொடுத்து, இன்னொருவர் கையில் ஒப்படைத்தான். நம்ம ஊரில் அந்தச் சத்திரத்தின் பெயர் கிளினிக் கெசிஹாத்தான்.

எதிர்ப்பக்கம் என் நண்பர்கள் சிலர், "சபையை விட்டு வெளியே வா, பாதி வியாதி போயிடும்" என்கிறார்கள். அதுவும் இன்னொரு அவசரத் தீர்ப்புதான். ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கம் வராதவருக்கு, தான் தனியாக இல்லை என்ற நம்பிக்கை ஒன்றே மிச்சமிருக்கலாம். அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் போன்ற தொலைபேசிச் சேவைகளின் மூலமே, 1953-இல் லண்டன் ஆலயம் ஒன்றில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் வைத்த ஒரு போன்தான். சொல்வதைவிடக் கேட்பது பெரிய ஊழியம் என்று ஒரு விசுவாசிக்குப் புரிந்ததால் வந்தது அது.

நம் நாட்டில் தற்கொலைக்கு முயன்றவரை ஒரு வருடம் வரை சிறையில் போடலாம் என்று தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு சொன்னது. 2023-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. உடைந்தவரைக் குற்றவாளி என்று சொல்வதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. சபை எப்போது நிறுத்தும்?

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. யாருடைய மாத்திரையையும் மேடையிலிருந்து நிறுத்தாதீர்கள். ஞாயிறு அறிக்கைத்தாளில் பிரசங்கத் தலைப்புக்குக் கீழே பிஃப்ரெண்டர்ஸ் எண்ணை, 03-76272929, அச்சிடுங்கள். மாதத்தில் ஒரு முறையாவது, "எனக்கு இன்னும் சரியாகலை" என்று மட்டும் சொல்ல வருகிறவரிடம் மைக்கைக் கொடுங்கள். அவர் சொல்லி முடித்ததும் கைதட்ட வேண்டாம், ஜெபிக்கவும் அவசரப்பட வேண்டாம். சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள்.