நம் கல்லாவிலிருந்து கடலுக்குப் போகும் பேக்

"இந்த நாடு உருப்படாது" என்று ஒரு தடவையாவது சொல்லாத கடை முதலாளியை நான் கண்டதில்லை. நானும் சொன்னவன்தான். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களிலிருந்து, கல்லாவில் இருந்தபடி மேலே உள்ளவர்களைத் திட்டுவது நம்மில் பலருக்குப் பழகிப்போய்விட்டது. அப்படித் திட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது.

கண்டக்குழியில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். கடலுக்குப் போகும் தம்பி ஒருவர் அன்று வந்து, ஈரமான பொலித்தீன் சுருளொன்றை என் மேசையில் வைத்தார். "நானா, எஞ்சின்ல தண்ணி இழுக்கிற எடத்த இது அடச்சிட்டுது. சூடாகி நடுக்கடல்ல நின்டு போச்சு" என்றார். அனுதாபம் சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அவர் அந்தச் சுருளை விரித்தார. மங்கியிருந்தாலும் எழுத்துகளை வாசிக்க முடிந்தது. என் கடையின் பெயர்!

அவர் என்னிடம் நட்டஈடு கேட்கவில்லை. ஆனால் அன்றைய மீனும் போய், எஞ்சின் திருத்தும் செலவும் அவர் தலையில் விழுந்தது. அவர் என்னிடம் கடனுக்குச் சாமான் வாங்குபவர். அவருடைய ஒரு நாள் கெட்டால் என் கடன் கொப்பியிலும் ஒரு வரி கூடும். இலவசமாகக் கொடுத்த பேக்கின் உண்மையான விலை அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

புத்தளம் மாவட்டத்து வர்த்தகர்களான நமக்குக் குப்பையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து 30க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். பிறகு கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பக்கம் அருவக்காட்டில் கொட்டும் திட்டம் வந்தபோது, 2018இலும் 2019இலும் நம் மாவட்டமே எழுந்து நின்று எதிர்த்தது. அது நியாயமான எதிர்ப்புத்தான். ஆனால் கொழும்புக் குப்பை வேண்டாம் என்று கடையடைத்த நாமே, மறுநாள் கடையைத் திறந்ததும் ஒரு தீப்பெட்டிக்கும் ஒரு பேக் கொடுத்தோம். கண்டக்குழியில் அடிக்கும் காற்றுக்கு அந்த பேக் எங்கே போகும்? வேலியில் சிக்காவிட்டால் கடலுக்குத்தான் போகும்.

சட்டங்கள் இல்லாமலில்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கு 2007இலேயே தடை வந்தது. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டுக்கும் 'சிலி சிலி' பேக்குக்கும் தடை வந்தது. அதன் பிறகும் பேக் ஏதோ ஒரு பெயரில் நம் கடைகளில் தொங்கிக்கொண்டேயிருந்தது. கடைசியாக, கைபிடியுள்ள பொலித்தீன் பேக்கை இலவசமாகக் கொடுக்கக் கூடாது, அதன் விலையைப் பில்லில் காட்ட வேண்டும் என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் விதி இது.

இந்த விதி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. தடையை அமுல்படுத்த அதிகாரி வர வேண்டும். விலையை அமுல்படுத்தக் கல்லாவில் இருப்பவர் போதும். 2002இல் இரண்டு நாடுகள் இந்தப் பிரச்சினையில் கைவைத்தன. வெள்ளத்தில் வடிகான்கள் அடைபட்டு அவதிப்பட்ட பங்களாதேஷ், மெல்லிய பொலித்தீன் பேக்கை முற்றாகத் தடை செய்தது. உலகிலேயே முதல் தடை அது. ஆனால் சந்தையில் பேக் திரும்பவும் நுழைந்துவிட்டது. 2024இல் அந்த அரசு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதே 2002இல் அயர்லாந்து தடை செய்யவில்லை. ஒரு பேக்குக்கு 15 சதம் வாடிக்கையாளரே கொடுக்க வேண்டும் என்றது. பேக் பாவனை 90 வீதத்துக்கும் மேல் குறைந்தது. அங்கே ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு முறையும் அந்தக் காசு கேட்கப்பட்டது. வேறு மந்திரம் எதுவும் இல்லை.

நம்மிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "நான் காசு கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்." பொய்யில்லை. எனக்கும் அது நடந்தது. வருடக்கணக்காக வந்த ஒருவர், "பேக்கிலும் லாபமா ஹாஜியார்?" என்று கேட்டுவிட்டுப் போனார், பிறகு வரவேயில்லை. அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அதனால் பேக்கை வாங்கிய விலைக்கே கொடுக்கிறேன். பில்லிலும் அதைத் தனி வரியாக எழுதுகிறேன். கண்ணில் படும் இடத்தில் பேக்கைத் தொங்கவிடுவதில்லை. கேட்டால்தான் எடுப்பேன். மாதம் பத்துக் கட்டு வாங்கிய நான் இப்போது மூன்று கட்டு வாங்குகிறேன். வாப்பா காலத்தில் ஓலைப் பையோடு கடைக்கு வந்த சனம்தான் நாம். அந்தப் பழக்கம் திரும்பி வருவதற்குப் பெரிய காலம் எடுக்காது.

ஆனால் ஒரு கடை மட்டும் செய்தால் அந்தக் கடைக்கு நட்டம், பக்கத்துக் கடைக்கு லாபம். ஒரு வீதியில் உள்ள எல்லாக் கடைகளும் செய்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு ஊரிலும் கடைக்காரர்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். முஸ்லிம், தமிழ், சிங்களக் கடை என்று பாராமல் அழையுங்கள். கடல் எல்லோருக்கும் ஒன்றுதான். பேக்குக்கு ஒரே விலை, இலவசம் யாருக்கும் இல்லை என்று முடிவெடுங்கள். அந்த முடிவை எல்லாக் கடையிலும் எழுதி ஒட்டுங்கள். பரிசோதகர் வருகிறார் என்றதும் மட்டும் பில் புத்தகத்தைத் தேடாதீர்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாம். அந்தத் தொல்லையைப் பாதையில் போடாமலிருப்பது அதற்கு முந்திய கடமையல்லவா? நாட்டைத் திருத்தும் பொறுப்பு முழுவதும் நம் கையில் இல்லை. ஆனால் நம் கடைப் பெயரைச் சுமந்து வெளியே போகும் ஒவ்வொரு பேக்கும் நம் கையிலிருந்துதான் போகிறது.