இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்காதே என்கிறார்களே!

வடசென்னை எர்ணாவூரில் ஒருவர் "இந்த வேலையை விட்டுட்டு வேற ஏதாவது பார்க்கலாம்னு இருக்கேன்" என்று வாய் திறந்தால் போதும். "இருக்குறத வுட்டுட்டுப் பறக்குறத புடிக்கப் போறியா?" என்று வீட்டில் கேட்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள். கம்பெனி கேட்டில் உடன் நிற்பவரும் அதையே கேட்பார். சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. வட்டிக்கு வாங்கி வண்டி எடுத்து, தவணை கட்ட முடியாமல் வண்டியையும் இழந்து பழைய வேலையையும் இழந்து நின்றவர்களை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதிலிருந்து பிறந்த அறிவுரை மட்டும் தவறு என்பேன். அது யாரையும் காப்பாற்றவில்லை. போகவும் விடாமல், நிம்மதியாக இருக்கவும் விடாமல், வருடக்கணக்கில் ஆட்களைத் தவிக்க வைத்திருக்கிறது. அந்த அறிவுரையைச் சுற்றி ஆறு வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "கையில் இருக்கும் வேலைதான் பத்திரம்"

இதை வேறு ஊரில் சொன்னால்கூடக் கொஞ்சம் எடுபடும். இங்கே எடுபடாது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் நிலையம். அதை நம்பி நிரந்தர ஊழியர்கள், ஒப்பந்தக் கூலிகள், கேன்டீன்காரர்கள், லாரிக்காரர்கள் என்று எத்தனையோ குடும்பங்கள் இருந்தன. 2017 மார்ச் 31ஆம் தேதி அது மூடப்பட்டது. பெரம்பூரில் நூறாண்டுக்கு மேல் ஓடிய பின்னி மில்லின் சங்கு 1996இல் நின்றுபோனது. "மில் வேலை, தலைமுறைக்கும் கவலையில்லை" என்று பெண் கொடுத்த வீடுகள் வடசென்னையில் ஏராளம்.

கடல் தொழிலும் அப்படித்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கரையோரம் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல எர்ணாவூர் சுனாமி குடியிருப்புக்கு வந்து சேர்ந்தன. கரையை விட்டு வந்ததும் கடலுக்குப் போவதே பலருக்குச் சிரமமானது. ஆட்டோ ஓட்டினார்கள், லோடு ஏற்றினார்கள், கான்ட்ராக்டில் சேர்ந்தார்கள். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் பிடித்தவர்களை அனல்மின் நிலையச் சாம்பல் கழிவு விரட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து இறங்கியபோது படகும் வலையும் கறுப்பாயின. வீட்டுச் சுவர்களில்கூட எண்ணெய் ஒட்டியது. பலர் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்தார்கள்.

ஆக, இந்த ஊரே தொழில் மாறியவர்களின் ஊர். பெரும்பாலும் அவர்கள் தாங்களாக மாறவில்லை, மாற்றப்பட்டார்கள். வேலை மாறுமா மாறாதா என்ற கேள்விக்கு இங்கே வரலாறு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. மாறும் நாளை நாம் குறிக்கப் போகிறோமா, நோட்டீஸ் போர்டு குறிக்கப் போகிறதா என்பதுதான் மிச்சம்.

2. "நாப்பது ஆவப்போவுது, இனிமே இன்னாத்த கத்துக்கப் போற?"

முதலில் எளிய கணக்கு. 18 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்கு இப்போது 38 வயது. 58 வரை உழைக்கப் போகிறார் என்றால் இதுவரை உழைத்த அதே 20 ஆண்டு இன்னும் முன்னால் கிடக்கிறது. பாதி வழியில் நிற்பவரைப் பார்த்து "வழி முடிந்துவிட்டது" என்கிறோம்.

சில கதவுகள் மூடியிருப்பது உண்மைதான். டிரெய்னியாக எடுக்கும் கம்பெனிகள் இளவட்டங்களைத்தான் எடுக்கின்றன. ஆனால் எல்லாக் கதவும் மூடவில்லை. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பத்தாவது முடிக்காமல் விட்டவருக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கேயும் உச்ச வயது இல்லை. 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள். மரவேலை, தையல் முதலான 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். இதற்கு விண்ணப்பிக்க 35 வயது நிறைந்திருக்க வேண்டும். டீக்கடை எந்த வயதில் "முடிந்தது" என்கிறதோ அந்த வயதில்தான் இந்தக் கதவு திறக்கிறது.

3. "எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது"

அடுத்தவர் சொல்வதைவிட நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் இந்த வாதம்தான் அதிகம் கெடுக்கிறது. ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி எடுப்பவரை எடுத்துக்கொள்வோம். என்ன வேலை என்று கேட்டால் "நம்பர் எழுதுற வேலை" என்பார்.

அருகே நின்று பார்த்தால் தெரியும் அவர் செய்வது என்னவென்று. பெட்டி உள்ளே வந்ததும் அதன் மேலுள்ள 4 எழுத்தையும் 7 எண்ணையும் பதிகிறார். கடைசி எண் மற்றவற்றைச் சரிபார்க்கும் எண் என்பதும், ஒன்று பிசகினாலும் கணக்கு இடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். சீல் எண்ணைப் பேப்பரோடு ஒப்பிடுகிறார். காலிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, கூரையில் எங்காவது வெளிச்சம் ஊசிபோல் இறங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்கிறார். இறங்கினால் ஓட்டை, மழையில் சரக்கு நாசம். கதவு ரப்பரைத் தடவிப் பார்க்கிறார். அடிபட்ட இடத்தைக் குறித்து டிரைவரிடம் கையெழுத்து வாங்குகிறார். டிரெய்லர் டிரைவரும் சர்வேயரும் கிளியரிங் ஆபீஸ் ஆளும் ஒரே நேரத்தில் சத்தம் போடும்போது எந்தப் பெட்டி முதலில் நகர வேண்டும் என்று தீர்த்துவைக்கிறார்.

இதில் ஆவணப் பராமரிப்பு இருக்கிறது. தரச் சோதனை இருக்கிறது. சேதம் மதிப்பிடுவது இருக்கிறது, ஆட்களைச் சமாளிப்பதும் இருக்கிறது. கிடங்கு மேற்பார்வைக்கும் சரக்கு அனுப்பும் பிரிவுக்கும் சர்வே அலுவலகத்துக்கும் வேண்டியவை இவைதாம். இதே மாதிரி மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போன அம்மாவுக்கு விலை போடத் தெரியும், கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்றும் தெரியும். கடை வைக்க அதற்கு மேல் கற்க வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று செய்த ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். பதவிப் பெயரை எழுத வேண்டாம், கை செய்ததை எழுதுங்கள். அந்தப் பக்கங்கள்தான் உங்கள் உண்மையான பயோடேட்டா. எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லையோ அதற்கு ஒரு கோடு போடுங்கள். மனநிறைவு தரும் வேலை எது என்பதற்கான முதல் தடயம் அங்கே கிடைக்கும்.

4. "விட்டா ஒரேயடியா விடணும், இல்லேன்னா சும்மா இருக்கணும்"

துணிச்சல் பேசுகிறவர்களின் வாதம் இது. பயமுறுத்துகிறவர்களுக்கும் இதே படம்தான் மனதில் ஓடுகிறது. வேலை மாறுவது என்றால் ராஜினாமாக் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வருவது என்று இரு தரப்பும் நினைக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துறந்த பட்டினத்தாரின் சமாதி பக்கத்தில் திருவொற்றியூர்க் கடற்கரையில்தான் இருக்கிறது. அது துறவு. துறவுக்கு அதுதான் முறை. மாதம் பிறந்தால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கட்ட வேண்டியவருக்கு அது வழியாகாது.

அதே திருவொற்றியூரில் இன்னொரு கதையும் உண்டு. 1946இல் ஒரு சிறு கொட்டகையில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1949இல் தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வைத்தார். 1952இல் டயருக்கு மேலே ஒட்டும் ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். டயருக்கு வந்தது 1960களில். அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். முதலாளி கதையைத் தொழிலாளிக்குச் சொல்வதா என்று கேட்கலாம். பணபலத்தில் ஒப்பிடவில்லை. ரப்பர் என்ற ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு, ஒன்றில் கைதேர்ந்தபின் அடுத்ததற்குப் போன நிதானத்தைத்தான் சொல்கிறேன். பலூனுக்கும் டயருக்கும் நடுவே ஏறக்குறைய 15 ஆண்டுகள்.

நம் அளவில் இதைச் செய்ய வாய்ப்பு இருக்கிறது. விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஷிப்டில் இருப்பவர்களுக்கு வார ஓய்வும், காலை ஷிப்டான ஏ ஷிப்ட் முடிந்த பிறகான பின்மதியமும் உண்டு. ஏ.சி. மெக்கானிக் ஆக விரும்புகிறவர் ஒரு மெக்கானிக்கோடு அந்த நேரத்தில் கூடவே போகட்டும். நாலு வாரம் மொட்டை மாடி வெயிலில் வெளி யூனிட்டைக் கழற்றிப் பார்த்தபிறகும் ஆசை இருந்தால் அது நிஜமான ஆசை. போய்விட்டால் அதுவும் லாபமே. வேலையை விடாமலே உண்மை தெரிந்துவிட்டது.

5. "குடும்பஸ்தன், உனக்கு எதுக்கு இந்த ரிஸ்க்?"

குடும்பம் இருப்பதால்தான் திட்டம் வேண்டும் என்கிறேன். இங்கே தைரியத்தைவிடத் தேதிகள் முக்கியம்.

நிரந்தரத் தொழிலாளிக்கு 5 ஆண்டு தொடர்ந்த பணிக்குப் பிறகு கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உரிமை வருகிறது. ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 9,000 வீதம், 5 ஆண்டுக்கு 45,000. இது தெரியாமல் நாலரை ஆண்டில் கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் தையல் மெஷினுக்கான பணத்தை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் சர்வீஸ் புதிதாக எண்ணப்படுகிறதா என்பதையும் பாருங்கள். எண்ணப்பட்டால் யூனியனிடம் கேளுங்கள்.

வருங்கால வைப்பு நிதியோடு ஓய்வூதியத் திட்டமும் சேர்ந்திருக்கிறது. மாதப் பென்ஷன் கிடைக்க 10 ஆண்டு சந்தா வேண்டும். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் பென்ஷன் பணத்தை வழித்தெடுத்துவிட்டால் பழைய சர்வீஸ் போய்விடும். வைப்பு நிதிக் கணக்கின் யு.ஏ.என். எண் ஒன்றாகவே இருக்கட்டும், கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யிலும் கணக்கு இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாள் சந்தா விழுந்திருந்தால் அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. வீட்டில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கும் பெரியவர் இருந்தால், வேலையை விடும் மாதத்தை இதைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

பிறகு வீட்டுச் செலவு. மாதம் 20,000 ரூபாயில் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். 6 மாதச் செலவு 1,20,000. ஓ.டி. பணம், சீட்டுப் பணம் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 ஒதுக்கினால் 24 மாதம். இரண்டு வருடமா என்று மலைக்கலாம். எட்டு வருடமாக யோசித்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு வருடம் குறைவு. முக்கியமான விஷயம், இந்தக் கணக்கை வீட்டில் மனைவியோ கணவரோ எதிரில் உட்கார்ந்திருக்கும்போது போட வேண்டும். "எனக்கு இந்த வேலை பிடிக்கல" என்பது சண்டையில் முடியும். "இவ்வளவு சேர்ந்ததும், இந்த மாதத்தில்" என்றால் பேசி ஒரு முடிவுக்கு வர முடியும்.

6. "மனசு தெளியட்டும், அப்புறம் பார்க்கலாம்"

கடைசி வாதம், கேட்க நிதானமாக இருக்கும், செய்யும் கெடுதல் அதிகம். யோசித்துக்கொண்டே இருப்பதால் மனம் தெளிவதில்லை. அடுத்த வேலையைக் கொஞ்சம் செய்து பார்த்தவருக்கும், அதில் இருப்பவரிடம் "மாசம் கையில் எவ்வளவு நிக்குது? எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டவருக்கும், கணக்குப் போட்டவருக்கும் தெளிகிறது. தகவல் இல்லாத இடத்தில்தான் தயக்கம் வளர்கிறது. அதைக் கோழைத்தனம் என்று யாரும் தலைகுனிய வேண்டாம். கையில் போதிய விவரம் இல்லை என்று உள்மனம் சொல்கிறது, அவ்வளவுதான். விவரத்தைத் தேடுங்கள். எப்போது நிறுத்துவது என்றும் குறியுங்கள். மூன்று மாதம் விசாரணை, மூன்று மாதம் வெள்ளோட்டம். ஏழாவது மாதம் முதல் தேதியில் "போகிறேன்" அல்லது "போகவில்லை" என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். எல்லாம் பார்த்து, இப்போதைக்கு இந்த வேலையிலேயே இருக்கிறேன் என்று சொல்வதும் முடிவுதான். அதன்பிறகு ஷிப்டுக்குப் போகும்போது மனம் அலையாது.

அறிவுரை சொல்லும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அக்கறை எங்களுக்கு வேண்டும். அடுத்தமுறை ஒரு தம்பியோ தங்கையோ வேலை மாறப் போகிறேன் என்று வந்து நின்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மாதச் செலவு கையில் இருக்கிறது? அந்த வேலையை எங்கே செய்து பார்த்தாய்? கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ. தேதியெல்லாம் பார்த்துவிட்டாயா? பதில் இல்லாதவர் தானே திரும்பிப் போய் விசாரித்துவிட்டு வருவார். பதில் இருப்பவரை வாழ்த்தி அனுப்புங்கள். ஆலை மூடியும், ஆறு கெட்டும், கடல் ஏறியும் தொழில் மாறிய இந்த ஊரில், தன் கணக்கைத் தானே போட்டுத் தொழில் மாறுகிறவர்களின் தலைமுறை ஒன்று வரட்டும். அவர்களைத் தடுக்கிற பழமொழி நமக்கு வேண்டாம்.